கழிமுகச் சேற்றில் அம்மோனியம்: பருவம்தோறும் அளப்பது எப்படி? வெள்ளாற்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளாற்றுக் கழிமுகத்தில் நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு அக்ரிலிக் குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல் முனையை ரப்பர் மூடியால் இறுக்கி, மெதுவாக உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குத் தவிட்டு நிறம். அதற்குக் கீழே சாம்பல். அதற்கும் கீழே கன்னங்கரேல் என்று ஒரு கறுப்பு, அழுகிய முட்டை வாடையோடு. அதிர்ஷ்டம் இருந்தால் நண்டு வளை ஒன்றும் குழாய்க்குள் மாட்டியிருக்கும். அப்போது பாருங்கள், பத்து சென்டிமீட்டர் ஆழத்துக் கறுப்புக்குள்ளேயும் வளைச் சுவரை ஒட்டி மட்டும் மெல்லிய தவிட்டுக் கோடு ஓடும். நண்டு போய் வரும் வழியில் ஆக்சிஜனும் போய் வந்திருக்கிறது.

சேற்றின் நைட்ரஜன் கணக்கு முழுவதும் இந்த நிறங்களுக்குள் இருக்கிறது. செத்த பாசி, இலைச் சருகு, எச்சம் எல்லாம் சேற்றில் விழுந்து மட்கும்போது அவற்றின் புரதத்திலிருந்து அம்மோனியம் வெளிவருகிறது. ஆக்சிஜன் இருக்கும் தவிட்டு அடுக்கில் அதை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதுதான் நைட்ரேட்டாக்கம். அந்த நைட்ரேட் ஆக்சிஜன் இல்லாத கீழ் அடுக்குக்கு இறங்கினால் அதை வேறு நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. இதற்கு நைட்ரேட் நீக்கம் என்று பெயர். அம்மோனியமும் நைட்ரைட்டும் நேரடியாகச் சேர்ந்து நைட்ரஜன் வாயுவாகும் அனமாக்ஸ் என்ற வழியும் உண்டு. கடல் சேற்றில் அது நடப்பது 2002-இல்தான் உறுதியானது. இன்னொரு வழி, நைட்ரேட்டைத் திரும்பவும் அம்மோனியமாகவே மாற்றிவிடுவது. நைட்ரேட் நீக்கத்திலும் அனமாக்ஸிலும் நைட்ரஜன் நீரைவிட்டு வெளியேறுகிறது. இந்தக் கடைசி வழியில் அது அங்கேயே சுற்றிக்கொண்டு பாசிக்குத் தீனியாகிறது. எந்தப் பருவத்தில் எந்த வழி ஓங்குகிறது என்று தெரிந்தால், வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வரும் நைட்ரஜனைக் கழிமுகம் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியும்.

இந்தத் துறையின் பாடப்புத்தகப் படம் குளிர் நாடுகளிலிருந்து வந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் விரிகுடா, அமெரிக்காவின் செசபீக் விரிகுடா போன்ற இடங்களில் வெப்பநிலைதான் பருவத்தை ஆள்கிறது. வசந்தத்தில் பாசி பூத்து அடியில் படியும், கோடையில் சேறு சூடாகி அம்மோனியம் பொங்கும். செசபீக்கில் கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து நைட்ரேட்டாக்கம் நின்றுபோக, நைட்ரஜன் அம்மோனியமாகவே மேலே திரும்பிவிடும். அதை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவந்தால் கணக்கு தப்பும். இங்கே நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 25 முதல் 33 டிகிரிக்குள்தான் பெரும்பாலும் ஆடுகிறது. உப்போ வெள்ள நாளில் கிட்டத்தட்ட நன்னீர் அளவுக்கு இறங்கி, கோடையில் கடல்நீர் அளவுக்கு ஏறிவிடுகிறது. நம் கழிமுகங்களில் பருவத்தை உப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த உப்பு குறுக்கே வரும்.

படி 1: நாட்காட்டியை முதலில் போடுங்கள்

வெள்ளாறு சேலம் பக்கத்து மலைகளில் தொடங்கி, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அந்தக் கரையிலேயே இருப்பதால் பல தலைமுறை மாணவர்கள் மிதித்த சேறு இது. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு, அதற்கும் தெற்கே கொள்ளிடம்.

இங்கே ஆய்வாளர்கள் வழக்கமாக ஆண்டை நான்காகப் பிரிப்பார்கள்: மழைக்குப் பிந்தைய காலம் (ஜனவரி–மார்ச்), கோடை (ஏப்ரல்–ஜூன்), மழைக்கு முந்தைய காலம் (ஜூலை–செப்டம்பர்), வடகிழக்குப் பருவமழை (அக்டோபர்–டிசம்பர்). பிரிவு சரிதான். ஆனால் பருவத்துக்கு ஒரு தடவை என்று ஆண்டுக்கு நாலு முறை மட்டும் போய்வந்து "பருவ மாற்றம்" என்று எழுதுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் ஒரே வாரத்தில் வந்து வடிந்துவிடும். அந்த வாரத்துக்கு முன்னால் எடுத்த மாதிரியும் பின்னால் எடுத்த மாதிரியும் வேறு வேறு ஆறுகளிலிருந்து வந்தவை போல இருக்கும்.

ஆகவே மாதம் ஒரு முறை என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவு வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நாளை அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வையுங்கள். அப்போது வற்றம் ஆழமாக இறங்கும் என்பது ஒரு காரணம். ஒரே இடத்தில் அந்த நாட்களின் வற்றம் கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வரும் என்பது இன்னொரு காரணம். காலை வெளிச்சத்தில் ஒரு தடவையும் உச்சி வெயிலில் ஒரு தடவையும் எடுத்துவிட்டு அந்த வித்தியாசத்தைப் பருவத்தின் தலையில் கட்டும் தவறு இதனால் தவிர்க்கப்படும்.

படி 2: இடம்

மூன்று இடம் போதும். முகத்துவாரத்துக்கு அருகே மணல் கலந்த ஒன்று, நடுக் கழிமுகத்தில் சேறு, ஆற்றுப் பக்கம் மேலே ஒன்று. அலையாத்தி நிழலில் ஒன்று சேர்க்க விரும்பினால் முன்கூட்டியே வனத்துறை அனுமதி வாங்குங்கள், பிச்சாவரம் காப்புக்காடு. இடத்தை ஜி.பி.எஸ்.-இல் குறிப்பதோடு கரையில் நிலையாக நிற்கும் ஒன்றையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மட்டி அள்ளுகிறவர்களிடம் பேசுவது அவசியம். அவர்கள் கிளறிய இடத்தில் அடுக்குகள் கலைந்து, தவிட்டு நிறமும் கறுப்பும் ஒன்றாகிக் கிடக்கும். எந்த வாரம் எங்கே அள்ளினார்கள் என்பது உங்கள் நோட்டில் இருக்க வேண்டிய தகவல்.

படி 3: கோர் எடுப்பது

குழாயோடு உருவி எடுக்கும் சேற்றுத் தூணைத்தான் கோர் என்கிறோம். உள்விட்டம் 5 முதல் 10 செ.மீ., நீளம் 30 செ.மீ. உள்ள தெளிவான குழாய். ஒரு பக்கத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு சிறு துளை போட்டு, வெளியே டேப் ஒட்டிவிடுங்கள். மாதிரி நீரை அந்தத் துளைகள் வழியாக உறிஞ்சலாம். இடத்துக்கு மூன்று கோர், முடிந்தால் ஐந்து. குழாயைத் திருகாமல் நேராக இறக்குங்கள். மேல்நீர் கலங்காமல் இருந்தால்தான் மேல் ஐந்து மில்லிமீட்டர் பிழைக்கும். உங்கள் முழு ஆய்வும் அந்த ஐந்து மில்லிமீட்டரில் நிற்கிறது, ஏனென்றால் இப்படிப்பட்ட சேற்றில் ஆக்சிஜன் இறங்குவது சில மில்லிமீட்டர்தான்.

எடுத்த கையோடு ஒரு படம், நிற எல்லைகளின் ஆழம், வளைகளின் எண்ணிக்கை, சேற்றின் வெப்பநிலை. அப்புறம் குழாயை நிமிர்த்தி நிறுத்தி, வெயில் படாமல் மூடிக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இடைநீரைப் பிரித்துவிட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் குழாய்க்குள் மட்குவது நிற்காது. ஒரு முறை வண்டி பழுதாகி வழியில் நின்றதில் என் கோர்கள் மாலை வரை வெளியிலேயே கிடந்தன. அன்றைய அம்மோனியம் எண்கள் எல்லா ஆழத்திலும் தூக்கலாக இருந்தன. அந்த மாத வரிசையை அப்படியே விலக்கிவிட்டேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் விலக்குங்கள், திருத்தம் போட்டுக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

படி 4: இடைநீரைப் பிரிப்பது

சேற்றுத் துகள்களுக்கு நடுவில் நிற்கும் நீரைத்தான் இடைநீர் என்கிறேன். ரைசான் என்னும் மெல்லிய உறிஞ்சு குச்சி கிடைத்தால் அதைத் துளை வழியாகச் செருகி, சிரிஞ்சை இழுத்து முட்டுக் கொடுத்து வைத்தால் அரை மணி நேரத்தில் சில மில்லிலிட்டர் வரும். அதன் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் தனியாக வடிகட்டத் தேவையில்லை. முதலில் வரும் சில சொட்டுகளைக் கொட்டிவிடுங்கள். குச்சி இல்லையென்றால் சேற்றை அடுக்கடுக்காக வெட்டி சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். மேலே அரை சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு, அப்புறம் ஒரு சென்டிமீட்டரில், கீழே போகப் போக இரண்டு சென்டிமீட்டரில் வெட்டலாம்.

பிரித்த ஒவ்வொரு நீரிலும் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வைத்து உப்பைக் குறியுங்கள். பலரும் மேல்நீரின் உப்பை மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். உப்பு சேற்றுக்குள் பரவல் மூலம் இறங்க 5 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆழம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு, அதாவது 10 செ.மீ.க்கு இரண்டு மாதம். நண்டு வளைகள் இதை வேகப்படுத்தும். ஜனவரியில் மேலே கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே இன்னும் கார்த்திகை வெள்ளம் நின்றுகொண்டிருக்கலாம்.

படி 5: ஒட்டிக்கிடக்கும் அம்மோனியம்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம் உண்டு. களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் இடைநீரில் கரைந்திருப்பதற்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடல்நீர் வரும்போது சோடியம், மக்னீசியம், கால்சியம் அயனிகள் அதே இடத்துக்குப் போட்டி போட்டு அம்மோனியத்தைத் தள்ளிவிடுகின்றன. நன்னீர் வரும்போது போட்டி குறைகிறது, சேறு அம்மோனியத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளத்தில் சேமித்ததை உப்பு திரும்பும்போது கொடுப்பதுதான் நம் கழிமுகத்தின் தனிப் பருவம். இடைநீரை மட்டும் அளந்தால் நவம்பரில் அம்மோனியம் "குறைவு" என்றும் பிப்ரவரியில் "திடீர் உற்பத்தி" என்றும் எழுதிவிடுவீர்கள். உண்மையில் ஒரு பகுதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிரிக்கும் வழி எளிது. பொட்டாசியமும் இதேபோல் ஒட்டிய அம்மோனியத்தைத் தள்ளிவிடும். ஒரு லிட்டர் கரைசலில் 149 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருந்தால் 2 மோலார். ஈரச் சேறு 5 கிராமுக்கு இந்தக் கரைசல் 25 மி.லி., ஒரு மணி நேரம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுங்கள். அதே அடுக்கில் இன்னொரு துண்டை எடை மாறாத வரை உலர்த்தி ஈரப்பதம் பாருங்கள்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. 5 கிராம் ஈரச் சேற்றில் எடையில் 40 சதவீதம் நீர் என்றால் 2 மி.லி. நீர், 3 கிராம் உலர் சேறு. மொத்தக் கரைசல் 27 மி.லி. அதில் 17 மைக்ரோமோலார் (லிட்டருக்கு 17 மைக்ரோமோல்) காட்டினால் மொத்தம் 0.46 மைக்ரோமோல். அந்த அடுக்கின் இடைநீரில் 100 மைக்ரோமோலார் இருந்தது என்று வையுங்கள். 2 மி.லி.யில் அது 0.20 மைக்ரோமோல். மீதி 0.26 ஒட்டிக்கிடந்தது, கிராம் உலர் சேற்றுக்கு ஏறக்குறைய 0.087 மைக்ரோமோல். ஒட்டியதற்கும் கரைந்ததற்கும் உள்ள விகிதம் 1.3. இந்த விகிதத்தை மாதம்தோறும் இடைநீர் உப்போடு சேர்த்து வரைபடமாகப் போடுங்கள். இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு வரைபடம்தான் போட நேரம் இருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

படி 6: நீல நிறத்தை அளப்பது

அம்மோனியத்துக்கு இண்டோஃபீனால் முறை இன்றும் நம்பகமானது. ஃபீனால், நைட்ரோபுரூசைடு, காரச் சிட்ரேட், ஹைப்போகுளோரைட் சேர்த்து இருட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் நீலம் ஏறும். 640 நானோமீட்டரில் படியுங்கள். ஃபீனால் தோலைச் சுடும், கையுறையும் ஃபியூம் ஹூட்டும் இல்லாமல் தொட வேண்டாம். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனி டப்பாவில் சேருங்கள். ஹைப்போகுளோரைட் நாள்பட்டால் வலு இழக்கும்.

நீலம் ஏறும் அளவும் உப்பைப் பொறுத்து மாறும். தரக் கரைசல்களை (ஒப்பிடுவதற்காக, தெரிந்த அளவு அம்மோனியத்தோடு நாமே செய்பவை) எப்போதும் காய்ச்சி வடித்த நீரில் செய்தால், மே மாத மாதிரிகளும் நவம்பர் மாதிரிகளும் ஒரே அம்மோனியத்துக்கு வேறு எண் காட்டும். வேதியியல் பிழை ஒன்று பருவ மாற்றம் போலவே வேடம் போட்டு நிற்கும். அதனால் தரக் கரைசல்களை அந்த மாத மாதிரிகளின் உப்பு அளவிலேயே செய்யுங்கள். பொட்டாசியம் குளோரைடு சாறுக்கு அதே பொட்டாசியம் குளோரைடில் தனி வரிசை வேண்டும்.

கறுப்பு அடுக்கு நீரில் சல்ஃபைடு நிறத்தைக் கெடுக்கும். சிறிது அமிலம் விட்டு நைட்ரஜன் வாயுவைக் குமிழியிட்டால் சல்ஃபைடு வாயுவாகப் போய்விடும், அம்மோனியம் அமிலத்தில் தங்கிவிடும். அதே நாளில் ஆய்வகத்தில் யாரும் அம்மோனியா கலந்த துடைப்பானோ அம்மோனியா பாட்டிலோ திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியம் சேர்க்காத வெற்று மாதிரி நீலமாக இருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். நைட்ரேட்டுக்குக் காட்மியம் நிரப்பிய குழாயில் நைட்ரைட்டாக்கி, 540 நானோமீட்டரில் இளஞ்சிவப்பைப் படிக்கும் பழைய முறையே போதும்.

படி 7: சேற்றிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது?

முதலில் காகிதக் கணக்கு. நீர் நிற்கும் இடத்தின் பங்கு, சேற்றுக்குள் பரவல் கெழு, செறிவுச் சரிவு (ஆழத்தோடு செறிவு மாறும் அளவு) மூன்றையும் பெருக்கினால் பாய்வு, அதாவது சேற்றிலிருந்து வெளியேறும் அளவு, கிடைக்கும். 25 டிகிரி நீரில் அம்மோனியத்தின் பரவல் கெழு நொடிக்குச் சுமார் 0.0000198 சதுர செ.மீ. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். நாம் மேலே பார்த்த சேற்றில் கன அளவில் நீர் நிற்கும் பங்கு 0.64 வரும். சேற்றுக்குள் வழி வளைந்து வளைந்து போவதால் கெழு பாதிக்குச் சற்றே மேல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். மேல்நீரில் 5, ஒரு செ.மீ. கீழே 100 மைக்ரோமோலார் என்றால் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 0.55 மில்லிமோல், அதாவது ஏழெட்டு மில்லிகிராம் நைட்ரஜன்.

அப்புறம் நேரடி அளவு. கோரின் மேல்நீரை மெதுவாகக் கலக்கியபடி, அன்றைய சேற்று வெப்பநிலையில், இருட்டில் நாலைந்து மணி நேரம் வைத்து மணிக்கு ஒரு தடவை மேல்நீரை எடுங்கள். சேறில்லாத வெறும் நீர்க் குழாய் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மேல்நீரின் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு எண்களும் ஒத்துப்போகாது, அது நல்லதுதான். நேரடி அளவு காகிதக் கணக்கைவிட அதிகமென்றால் நண்டும் புழுவும் நீரை இறைத்துக்கொண்டிருக்கின்றன. குறைவென்றால் தவிட்டு அடுக்கில் நைட்ரேட்டாக்கமும் மேலே படர்ந்த நுண்பாசியும் அம்மோனியத்தை வழிமறிக்கின்றன. வற்றத்தில் சேற்றின் மேல் மினுக்கும் அந்தப் பொன்னிறப் படலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கோர்களை அடுத்த நாள் வெளிச்சத்தில் வைத்து அளந்தால் அதன் பங்கு தெரியும்.

நைட்ரேட் நீக்கத்தை அளக்க அசிட்டிலீன் முறையைச் சிலர் இன்னும் சொல்வார்கள். அசிட்டிலீன் நைட்ரேட்டாக்கத்தையும் சேர்த்து நிறுத்திவிடுவதால் சேற்றிலேயே பிறக்கும் நைட்ரேட் கணக்கில் வராது. நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) வைத்து அளக்கும் வசதி உள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யுங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

படி 8: ஓராண்டை வாசிப்பது

மழைக்காலத்தில் ஆறு வயல்களின் நைட்ரேட்டையும் வண்டலையும் கொண்டுவருகிறது. நைட்ரேட் மேல்நீரிலிருந்தே சேற்றுக்குள் இறங்குவதால், நைட்ரேட் நீக்கம் சேற்றின் நைட்ரேட்டாக்கத்தை நம்பியிருக்காமல் நடக்க முடியும். புதிய வண்டல் மேலடுக்கை மூடியிருக்கும், சில இடங்களில் வெள்ளம் மேலடுக்கையே அரித்திருக்கும். படங்களைப் பார்க்காமல் எண்களை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு நிகழ்வுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன: மழையில் வந்த மட்கு உடைவதும், உப்பு ஏறி ஒட்டியது கழல்வதும். பிரித்துச் சொல்ல படி 5-இன் விகிதம் உதவும். கரைந்ததும் ஒட்டியதும் சேர்ந்த மொத்தம் அசையாமல் விகிதம் மட்டும் இறங்கினால் உப்பின் வேலை. மொத்தமும் கூடினால் மட்குதலின் வேலை.

கோடையில் நெருக்கடி ஆக்சிஜனுக்கு. 30 டிகிரி நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், அதே வெப்பத்தில் கடல்நீர் 6.2-தான். கடல்நீரில் சல்ஃபேட் தாராளம் என்பதால் கறுப்பு அடுக்கு மேலே ஏறும். சல்ஃபைடு நைட்ரேட்டாக்க நுண்ணுயிர்களை முடக்கும், நைட்ரேட்டை அம்மோனியமாகத் திருப்பும் வழிக்குச் சாதகமாகும். பக்கத்தில் இறால் பண்ணை நடத்துகிறவர்களுக்கு இது வெறும் பாடமல்ல. பி.எச். 8.2, வெப்பம் 30 டிகிரி என்ற நிலையில் மொத்த அம்மோனியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே நச்சான அம்மோனியாவாக நிற்கும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மாற்றம் மெதுவானது. அந்த மாதங்களை அடித்தள அளவாக வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசிக்குள் குழாய்கள், பொட்டாசியம் குளோரைடு, தரக் கரைசல்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆற்றில் முதல் செந்நீர் வந்த மறுநாளே நடுக் கழிமுகத்தில் மூன்று கோர் எடுக்க வேண்டியிருக்கும்.